பழைய லீஸ்டு லைன் பதிவேடு: இ1, டிஎஸ்3, எஸ்டிஎம்-1, பாட் எல்லாவற்றையும் ஒரே அலகில் எழுதுவது எப்படி?

பதிவேடு_83 (கேள்வி)

வணக்கம். பழைய லீஸ்டு லைன் (நிறுவனத்துக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி லைன்) பதிவேடு ஒன்றை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. வேகம் என்ற கட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: "2 எம்பி", "இ1", "4×64", "9.6 கே", "2400 பாட்", "டெலெக்ஸ் 50 பாட்", "34 எம்பி", "480 சேனல்", "960 சேனல் கோஆக்ஸ்", "எஸ்டிஎம்-1". அமெரிக்கக் கிளைக்குப் போன லைன்களில் "டி1", "டிஎஸ்3" என்று இருக்கிறது.

இ1-ஐ மூன்று கால்குலேட்டர்களில் போட்டுப் பார்த்ததில் மூன்று விடைகள்: 2.048, 1.953, 0.244. அலுவலகத்தில் ஒருவர், "2 எம்பி என்றால் 2 × 1024 = 2048 கிலோபிட். ஆக டெலிகாமில் 1 மெகா என்பது 1024 கிலோ" என்கிறார். அப்படியானால் எஸ்டிஎம்-1-இன் 155-ஐயும் 1024-ஆல் பெருக்க வேண்டுமா?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இ1 இருந்த இடத்தில் 2 மெகாபிட் ஈதர்நெட் லைன் வாங்கினால் சரிக்குச் சரி ஆகுமா? அப்புறம், மானிட்டரிங் மென்பொருள் இ1, டி1 இரண்டையும் "2" என்றும், 64 கிலோபிட் லைனை "0" என்றும் காட்டுகிறதே, ஏன்?

பிசிஎம்30

முதலில் ஓர் எழுத்து விஷயம். ஆங்கிலத்தில் சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். தமிழில் எழுதினால் இரண்டுமே "எம்பி" ஆகிவிடும். வித்தியாசமோ எட்டு மடங்கு. அதனால் ஷீட்டின் தலைப்பில் பிட், பைட் என்று முழுதாக எழுதிவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் பேச்சில் "2 எம்பி" என்றால் இ1 ஸ்ட்ரீம், மெகாபைட் அல்ல. "34 எம்பி" இ3, "140 எம்பி" இ4, "45 எம்பி" டிஎஸ்3.

அடுத்து அந்த 1024 வாதம். பார்க்கச் சரியாகத் தோன்றுவதால்தான் இத்தனை பேர் அதில் விழுகிறார்கள். 2048 என்ற எண் 2 × 1024-இலிருந்து வந்ததே அல்ல. 32 × 64-இலிருந்து வந்தது. தொலைபேசிக் குரலை நொடிக்கு 8,000 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் 8 பிட் கொடுத்தால் 64,000 பிட். இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். இங்கே கிலோ என்பது சரியாக 1000. 64 கிலோபிட் என்றால் 64,000 பிட், 65,536 அல்ல. இ1-இல் இப்படி 32 டைம்ஸ்லாட் (ஒரு குரல் அளவுள்ள 64 கிலோபிட் இடம்). 32 × 64,000 = 20,48,000 பிட். அதை "2 மெகா" என்று சுருக்கிச் சொன்னார்கள். 2-க்கும் 2048-க்கும் நடுவே 1024 வந்து உட்கார்ந்தது தற்செயல். 128, 256, 512 கிலோபிட் லைன்களும் இதே கதைதான்: 2, 4, 8 டைம்ஸ்லாட். இந்தியாவின் 2004 பிராட்பேண்ட் கொள்கையில் வந்த 256 கிலோபிட்டும் 64-இன் மடங்கு என்பதால், கம்ப்யூட்டர் மெமரி எண்களைப் போலவே கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த வாதத்தை டி1-இல் வைத்துப் பாருங்கள், உடனே உடைந்துவிடும். டி1-இல் 24 டைம்ஸ்லாட், ஒரு ஃபிரேமுக்கு (எல்லா டைம்ஸ்லாட்டும் ஒரு சுற்று வரும் தொகுப்பு) 24 × 8 = 192 பிட், அதோடு ஃபிரேமிங்குக்கு (ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட) 1 பிட். 193 × 8,000 = 15,44,000. இதில் 1024 எங்கேயும் வராது.

ஆக, தொலைத்தொடர்பு வேகங்களில் கிலோ 1,000, மெகா 10,00,000, கிகா 100,00,00,000. விதிவிலக்கே கிடையாது. உங்களுடைய மூன்று விடைகளில் 2.048 என்பது மெகாபிட். 1.953 என்பது 20,48,000-ஐ 10,48,576-ஆல் வகுத்தது. அதன் சரியான பெயர் மெபிபிட். 0.244 அதை மேலும் எட்டால் வகுத்த மெபிபைட். மூன்றும் ஒரே அளவுதான். மெபி, கிபி போன்ற முன்னொட்டுகளை ஐஇசி 1998-இல் தனியாக வகுத்ததே இந்தக் குழப்பத்துக்காகத்தான். அவை மெமரிக்கும் கோப்பின் அளவுக்கும் உரியவை. லைன் வேகத்துக்கு வேண்டாம். எஸ்டிஎம்-1-ஐ 1024 கணக்கில் போட்டால் 155.52 என்பது 163.07 ஆகிவிடும், 4.9 சதவீதப் பிழை. கிகா அளவில் பிழை 7.4 சதவீதம்.

ஷீட்டில் போட வேண்டிய லைன் வேகங்கள், எல்லாம் நொடிக்குக் கிலோபிட்டில்:

டைம்ஸ்லாட் 1: 64
டி1 (டிஎஸ்1): 1,544
இ1: 2,048
டிஎஸ்2: 6,312
இ2: 8,448
இ3: 34,368
டிஎஸ்3: 44,736
இ4: 1,39,264
எஸ்டிஎம்-1 (ஓசி-3): 1,55,520
எஸ்டிஎம்-4 (ஓசி-12): 6,22,080
எஸ்டிஎம்-16 (ஓசி-48): 24,88,320
எஸ்டிஎம்-64 (ஓசி-192): 99,53,280

இந்தப் பட்டியலில் பலர் தவறுகிற இடம் நடுப்பகுதி. நான்கு இ1 சேர்ந்தது இ2 என்று 4 × 2,048 = 8,192 போடுவார்கள். உண்மை 8,448. காரணம், அந்தக் காலத்து ஸ்ட்ரீம்கள் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடின. இ1-க்கு அனுமதிக்கப்பட்ட விலகல் பத்து லட்சத்துக்கு 50 பங்கு, அதாவது நொடிக்கு 102 பிட் கூடலாம் அல்லது குறையலாம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நான்கு ஸ்ட்ரீம்களைச் சேர்க்கும்போது இடைவெளியை நிரப்பும் பிட்டுகளும் ஃபிரேமிங் பிட்டுகளும் தேவை. அந்தக் கூடுதல் 256 கிலோபிட் அதற்குத்தான். இ3, இ4, டிஎஸ்3-இலும் இப்படியே. எஸ்டிஎச்-இல் (எஸ்டிஎம் வேகங்களின் குடும்பம்) மட்டும்தான் மேல்நிலை வேகம் கீழ்நிலையின் சரியான மடங்கு: எஸ்டிஎம்-4 என்பது அச்சாக 4 × 155.52.

இவை லைன் வேகங்கள். பயனருக்குக் கிடைப்பது வேறு. அதற்குத் தனிக் கட்டம் வேண்டும். இ1-இல் 0-ஆவது டைம்ஸ்லாட் ஃபிரேமிங்குக்குப் போய்விடும், மிச்சம் 31 × 64 = 1,984. குரல் சிக்னலிங்குக்கு 16-ஆவதையும் ஒதுக்கியிருந்தால் 1,920. ஃபிரேமிங் இல்லாத இ1 என்றால் 2,048 முழுதும். ஒரே "இ1"-க்கு மூன்று விடைகள் வருவதால் ரவுட்டரிலோ மக்ஸிலோ (பல லைன்களை ஒன்றாகச் சேர்க்கும் கருவி) ஃபிரேமிங் அமைப்பைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள். டி1-இல் பொதுவாக 1,536. ஆனால் பழைய டி1-இல் ஏஎம்ஐ என்ற பழைய லைன் கோடிங்கும், ஆறு ஃபிரேமுக்கு ஒருமுறை கடைசி பிட்டைச் சிக்னலிங்குக்கு எடுத்துக்கொள்ளும் முறையும் இருந்தால், டேட்டாவுக்கு ஒரு டைம்ஸ்லாட்டில் 56 கிலோபிட்தான் நம்பலாம்; மொத்தம் 1,344. அமெரிக்க லைன்களில் "56 கே" என்று பார்த்தால் எழுத்துப்பிழை என்று 64 ஆக்கிவிடாதீர்கள்.

எஸ்டிஎம்-1-இல் ஃபிரேம் 270 பத்தி, 9 வரிசை. 9 பத்தி செக்‌ஷன் ஓவர்ஹெட், 1 பத்தி பாத் ஓவர்ஹெட் (இரண்டும் நிர்வாகத்துக்கானவை). மிச்சம் 260 × 9 × 64 கிலோபிட் = 149.76 மெகாபிட். அதே எஸ்டிஎம்-1-ஐ இ1-களாகப் பிரித்திருந்தால் 63 இ1, கூட்டினால் 129.024 மெகாபிட். இ4-இல் 64 இ1 போகும், அதைவிட வேகமான எஸ்டிஎம்-1-இல் 63 தான். இதைத் தப்பு என்று "திருத்தி" வைத்திருக்கும் ஷீட்டுகள் உண்டு. 63 தான் சரி: 3 × 7 × 3 என்று அடுக்குவதால் வருவது.

ரேக்_வரிசை_7

மேலே சொன்னது டிஜிட்டல் பக்கம். பதிவேட்டில் அதைவிட ஆபத்தான வரிகள் "2400 பாட்" மாதிரி வரிகளும் "960 சேனல் கோஆக்ஸ்" வரியும்.

பாட் என்பது நொடிக்கு எத்தனை முறை சிக்னல் நிலை மாறலாம் என்பது. ஒரு மாற்றத்தில் ஒரு பிட் போனால் பாட்டும் பிட்டும் ஒன்றே. டெலெக்ஸ் 50 பாட் அப்படி; 50 என்றே எழுதலாம். 300 பாட் மோடமும் அப்படியே. அதற்கு மேலே போனால் பிரிந்துவிடும். வி.22 மோடம் 600 பாட்டில் 1,200 பிட், வி.22பிஸ் அதே 600 பாட்டில் 2,400 பிட். லீஸ்டு லைன் மோடம்களில் வி.26 என்றால் 1,200 பாட், 2,400 பிட், வி.27 என்றால் 1,600 பாட், 4,800 பிட், வி.29 என்றால் 2,400 பாட், 9,600 பிட்.

இப்போது "2400 பாட்" என்ற வரியைப் பாருங்கள். எழுதியவர் பிட்டைப் பாட் என்று சொல்லியிருந்தால் லைன் 2,400 பிட். மோடம் கையேட்டிலிருந்து உண்மையான பாட்டை எடுத்து எழுதியிருந்தால், வி.29 எனில், 9,600 பிட். நான்கு மடங்கு வித்தியாசம். பெரும்பாலும் முதல் வகைதான், ஆனால் ஊகித்து நிரப்பாதீர்கள். அதே சர்க்யூட்டுக்கு மோடம் மாடல் எழுதியிருக்கிறதா, கம்ப்யூட்டர் பக்க போர்ட் எந்த வேகத்தில் இருந்தது என்று தேடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் "2,400, உறுதி செய்யப்படவில்லை" என்று எழுதுங்கள். "1600 பாட்" என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், வி.27 தான்; 4,800 பிட். அந்த மோடம்களில் 1,600 பிட் என்று ஒரு வேகமே கிடையாது.

பைட்டுக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் 8-ஆல் வகுக்காதீர்கள். ஏசின்க் லைனில் (எழுத்து எழுத்தாக அனுப்புவது) ஒவ்வோர் எழுத்துக்கும் ஸ்டார்ட் பிட் 1, ஸ்டாப் பிட் 1 சேரும். 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை என்றால் எழுத்துக்கு 10 பிட். 9,600 பிட் லைனில் நொடிக்கு 960 பைட். அதே 9,600 சின்க் லைன் (தொடர்ச்சியாக அனுப்புவது) என்றால் 1,200 பைட். டெலெக்ஸில் ஒரு எழுத்து 5 பிட், ஸ்டார்ட் 1, ஸ்டாப் 1.5, மொத்தம் 7.5. 50-ஐ 7.5-ஆல் வகுத்தால் நொடிக்கு 6.67 எழுத்து, நிமிடத்துக்கு 400. டெலெக்ஸைப் பைட்டில் எழுதுவதே அர்த்தமில்லை, எழுத்து எட்டு பிட் அல்லவே. நிமிடத்துக்கு 400 எழுத்து என்று குறிப்பில் போடுங்கள்.

சேனல் கணக்குக்கு வருவோம். 30, 120, 480, 1920 சேனல் என்று இருந்தால் அவை பிசிஎம் (குரலை மேலே சொன்னபடி 64 கிலோபிட்டாக்கும்) அமைப்புகள்: முறையே இ1, இ2, இ3, இ4. சேனலை 64-ஆல் பெருக்காமல் பட்டியலில் உள்ள லைன் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 480 × 64 = 30,720 ஆகிறது, இ3-இன் லைன் வேகம் 34,368; இடையில் இருப்பது ஃபிரேமிங், சிக்னலிங், நிரப்பு பிட்டுகள்.

ஆனால் 12, 60, 300, 960, 2700 சேனல் என்று இருந்தால் நிறுத்துங்கள். அவை அனலாக் கேரியர் அமைப்புகள். ஒவ்வொரு சேனலும் 4 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைத் துண்டு, அதில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை குரல். 12 சேனல் சேர்ந்த குரூப் 60-இலிருந்து 108 கிலோஹெர்ட்ஸ் வரை. ஐந்து குரூப் சேர்ந்த சூப்பர்குரூப் 312-இலிருந்து 552 கிலோஹெர்ட்ஸ் வரை. 960 சேனல் என்பது 16 சூப்பர்குரூப், 4 மெகாஹெர்ட்ஸ் கோஆக்ஸ் அமைப்பு. 2700 என்றால் 12 மெகாஹெர்ட்ஸ். அவற்றுக்குப் பிட் வேகம் என்று ஒன்று இல்லவே இல்லை. 960 × 64 = 61.44 மெகாபிட் என்று எழுதினால், அந்தக் கேபிளில் என்றுமே ஓடாத ஒரு எண்ணைப் பதிவேட்டில் புகுத்துகிறீர்கள். பிட் கட்டத்தைக் காலியாக விட்டு, அலகை ஹெர்ட்ஸில் எழுதுங்கள். அந்தச் சேனலில் ஒன்றை டேட்டாவுக்குக் கொடுத்திருந்தால், அதில் எந்த மோடம் மாட்டியிருந்தார்களோ அதன் வேகம்தான் அந்தச் சர்க்யூட்டின் வேகம்.

பதிவேடு_83

மிக்க நன்றி. மூலத்தில் உள்ளதை உள்ளபடி வைக்க ஒரு கட்டம், லைன் வேகம் பிட்டில், பயனுள்ள வேகம் பிட்டில், எந்த ஆதாரத்தில் மாற்றினோம் என்று ஒரு குறிப்பு. இப்படிப் பிரித்துவிட்டேன். "960 சேனல்" மூன்று வரிகள் இருந்தன. மூன்றையும் ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டேன். ஈதர்நெட் கேள்விக்கு யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். இ1-களில் சில டேட்டா, சில பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) குரல்.

பாக்கெட்_கணக்கு

சரிக்குச் சரியா என்பது பாக்கெட்டின் அளவைப் பொறுத்தது.

பெரிய பாக்கெட்டை முதலில் பார்ப்போம். 1,500 பைட் ஐபி பாக்கெட்டில் டிசிபி டேட்டா 1,460. சிஸ்கோ எச்டிஎல்சி (பாக்கெட்டை லைனில் ஏற்றும் உறை) ஓடும் இ1-இல் ஹெடர் 4, எஃப்சிஎஸ் (பிழை சோதனை) 2, ஃபிளாக் 1 சேர்ந்து 1,507 பைட். அதற்கு மேல் எச்டிஎல்சி, தொடர்ந்து ஐந்து 1 வந்தால் ஒரு 0-வைச் செருகும். சீரற்ற டேட்டாவில் சராசரியாக 62 பிட்டுக்கு 1 பிட் கூடும். ஆக 1,984 × 1,460 ÷ 1,507 ÷ 1.016 = சுமார் 1,892 கிலோபிட். பைட்டில் நொடிக்கு 236 கிலோபைட். கோப்பு நகல் ஜன்னல் கிபிபைட்டில் காட்டினால் 231.

2 மெகாபிட் ஈதர்நெட்டில் பாலிசர் (சேவை தருபவர் பக்கத்தில் ஒப்பந்த வேகத்தைக் காக்கும் காவலன்) ஃபிரேமை (பாக்கெட்டும் 18 பைட் ஈதர்நெட் உறையும்) எண்ணுகிறது என்று வைத்துக்கொண்டால், 1,460 ÷ 1,518 × 2,000 = 1,924 கிலோபிட். ஆகப் பெரிய பாக்கெட்டுக்கு 2 மெகாபிட் ஈதர்நெட் இ1-ஐ விடச் சற்றுக் கூடவே கொடுக்கும். 100 கோடி பைட் கோப்பு இ1-இல் சுமார் 70 நிமிடம், இதில் 69 நிமிடம். இங்கே பிரச்சினை இல்லை.

சின்ன பாக்கெட்டில் நிலைமை தலைகீழ். ஜி.729 (குரலைச் சுருக்கும் முறை) குரல் பாக்கெட்டில் குரல் 20 பைட், ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்கள் 40. மொத்தம் 60 பைட், நொடிக்கு 50 பாக்கெட். இ1-இல் 67 பைட், அதாவது ஓர் அழைப்புக்கு 26.8 கிலோபிட். செருகு பிட்டுகளைச் சேர்த்தால் 27.2, ஒரு இ1-இல் 72 அழைப்பு போகும். ஈதர்நெட்டில் அதே பாக்கெட் 78 பைட் ஃபிரேம், 31.2 கிலோபிட். 2 மெகாபிட்டில் 64 அழைப்பு. சேவை தருபவர் பிரீஆம்பிளையும் (ஃபிரேமுக்கு முன் வரும் பிட்டுகள்) ஃபிரேம் இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் 98 பைட், 39.2 கிலோபிட், அப்போது 51 அழைப்புதான். 72 ஓடிய இடத்தில் 51! லைன் மாற்றிய மறுநாள் பரபரப்பான நேரத்தில் மட்டும் குரல் உடைகிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மெட்ரோ ஈதர்நெட் ஃபோரம் வகுத்த முறைப்படி, எண்ண வேண்டியது ஃபிரேமை மட்டும், எம்ஏசி முகவரியிலிருந்து எஃப்சிஎஸ் வரை. ஆனால் ஒப்பந்தத்தில் "2 மெகாபிட்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. எந்த அடுக்கில் எண்ணப்படுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 72 அழைப்பு வேண்டுமானால் ஃபிரேம் கணக்கில் 2.25 மெகாபிட், லைன் கணக்கில் 2.82 மெகாபிட் ஆகும். 3 மெகாபிட் வாங்குவதே சரி.

பிபிஎக்ஸ் இ1 வேறு வகை. அது பிஆர்ஐ (பிபிஎக்ஸை எக்ஸ்சேஞ்சோடு சேர்க்கும் குரல் லைன்), 30 அழைப்பு, பாக்கெட்டே கிடையாது. அதை ஐபிக்கு மாற்றி ஜி.711 (சுருக்காத 64 கிலோபிட் குரல்) வைத்தால் ஓர் அழைப்புக்கு குரல் 160, ஹெடர் 40, ஈதர்நெட் 18, மொத்தம் 218 பைட், 87.2 கிலோபிட். முப்பது அழைப்புக்கு 2,616 கிலோபிட். 2,048-இல் ஓடியது 2,616 கேட்கும். இ1-ஐ அப்படியே பாக்கெட்டில் அடைத்து அனுப்பும் சர்க்யூட் எமுலேஷன் போட்டாலும் கூடும். ஒரு மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், 256 பைட் இ1 டேட்டா, கண்ட்ரோல் வேர்டு 4, இரண்டு எம்பிஎல்எஸ் லேபிள் 8, ஈதர்நெட் 18: மொத்தம் 286 பைட், 2,288 கிலோபிட். யாரும் பேசாத நடுராத்திரியிலும் இது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு வித்தியாசம் எண்ணில் தெரியாது. இ1-இல் 1,500 பைட் பாக்கெட் லைனில் ஏற 6 மில்லிநொடி ஆகும். லைனே வேகத்தைக் கட்டிப்போடுகிறது, மிச்சம் ரவுட்டரின் வரிசையில் காத்திருக்கும். 100 மெகாபிட் போர்ட்டில் கொடுக்கப்படும் 2 மெகாபிட் சேவையில் அதே பாக்கெட் 0.12 மில்லிநொடியில் பாய்ந்துவிடும். பாலிசர் கண்ணுக்கு அது வெள்ளம். அளவு தாண்டியதைக் காத்திருக்க வைக்காமல் தூக்கி எறிந்துவிடும். டிசிபி பின்வாங்கும், 2 மெகாபிட் வாங்கியும் நிறைய நேரம் அதற்குக் கீழேயே நிற்கும். உங்கள் பக்க ரவுட்டரில் ஷேப்பிங்கை (மிச்சத்தைக் காத்திருக்க வைத்து மெதுவாக விடுவது) ஒப்பந்த வேகத்துக்கு ஒரு துளி கீழே வையுங்கள். ரவுட்டர் எந்த பைட்டுகளை எண்ணுகிறது என்பதையும் பாருங்கள். அது ஐபியை மட்டும் எண்ணி, பாலிசர் ஃபிரேமை எண்ணினால் சின்ன பாக்கெட் நேரத்தில் ஷேப்பிங் இருந்தும் இழப்பு வரும்.

ஓஐடி_தேடி

மானிட்டரிங் கேள்விக்கு. எஸ்என்எம்பி-யில் (மானிட்டரிங் மென்பொருள் ரவுட்டரிடம் விவரம் கேட்கும் முறை) வேகத்துக்கு இரண்டு மாறிகள் உண்டு. ஐஎஃப்-ஸ்பீட் நொடிக்குப் பிட்டில் சொல்லும். ஐஎஃப்-ஹைஸ்பீட் பத்து லட்சம் பிட்டில், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிச் சொல்லும். இ1-இன் 2.048-க்கு 2, டி1-இன் 1.544-க்கும் 2. 64 கிலோபிட் 0. உங்கள் மென்பொருள் இரண்டாவதைப் படிக்கிறது. மெதுவான லைன்களுக்கு ஐஎஃப்-ஸ்பீடைப் படிக்கச் சொல்லுங்கள். வேகமான லைன்களுக்கு அதுவும் உதவாது: அது 32 பிட் எண், 4,29,49,67,295-க்கு மேல் போகாது. எஸ்டிஎம்-16 அதில் அடங்கும், எஸ்டிஎம்-64 அடங்காது.

இதைவிட முக்கியம், சீரியல் போர்ட்டில் வரும் அந்த எண் அளந்து சொன்னது அல்ல. சிஸ்கோ ரவுட்டரில் சீரியல் இன்டர்ஃபேஸின் பேண்ட்விட்த் யாரும் மாற்றாவிட்டால் 1,544 கிலோபிட் என்றே இருக்கும், அதில் இ1 மாட்டியிருந்தாலும் 64 கிலோபிட் மாட்டியிருந்தாலும். ஆகவே ரவுட்டர் சொல்வதைப் பார்த்துப் பதிவேட்டைத் திருத்தாதீர்கள். 1,544 என்று தெரிந்தால், இந்தியாவுக்குள் இருக்கும் லைன் என்றால், பெரும்பாலும் யாரும் தொடாத இயல்பு எண். லைன் மெதுவாக ஓட இது காரணமல்ல, ஆனால் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறை) காஸ்ட் தவறும். 10 கோடியை வேகத்தால் வகுப்பது அதன் இயல்பு. டி1-க்கு 64, இ1-க்கு 48. இரு முனையிலும் வேறு வேறு எண் இருந்தால் போகும் பாதையும் வரும் பாதையும் பிரிந்துவிடலாம்.

பயன்பாட்டு வரைபடத்தில் கவனிக்க வேண்டியது: கவுண்டர் பைட்டில் எண்ணும், லைன் வேகம் பிட்டில் இருக்கும். 8-ஆல் பெருக்க மறந்தால் நிரம்பி வழியும் லைன் 12.5 சதவீதம் என்று தெரியும். அதற்கு மேல் வரவே வராத வரைபடத்தைப் பார்த்தால் இதுதான். ஆர்ஆர்டி-டூலில் (வரைபடம் போடும் மென்பொருள்) பேஸ் 1024 என்று யாராவது வைத்திருந்தால் 1000 ஆக்குங்கள். இல்லாவிட்டால் முழுதாக ஓடும் இ1 உச்சம் 1.95-இல் நிற்கும், 95 சதவீதத்தில் ஏதோ தடுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

32 பிட் கவுண்டர் நிரம்பித் திரும்பும் நேரத்தையும் கணக்கிடுங்கள். முழு வேகத்தில் இ1-இல் 4 மணி 40 நிமிடம், டிஎஸ்3-இல் 12.8 நிமிடம், எஸ்டிஎம்-1-இல் 3 நிமிடம் 41 நொடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் எஸ்டிஎம்-1-இல் ஒரு சுற்று காணாமலே போகும். அதற்கு 64 பிட் கவுண்டர் வேண்டும்.

பதிவேடு_83

கடைசியாக ஒன்று. எஸ்டிஎம் வரைபடம் ஒன்றில் ஈதர்நெட் லைன்களுக்கு எதிரே "5×விசி12", "46×விசி12", "2×விசி3" என்று இருக்கிறது. விசி12 என்றால் இ1 தானே, 46 × 2.048 = 94.208 என்று எழுதிவிட்டேன். சரியா?

பிசிஎம்30

இல்லை, அதை மாற்றுங்கள். விசி-12 என்பது இ1 ஏறிப்போகும் பெட்டி. பெட்டி இ1-ஐ விடக் கொஞ்சம் பெரியது, அதன் கடிகார விலகலுக்கும் இடம் வேண்டுமே. சரக்குக்கு 125 மைக்ரோநொடிக்கு 34 பைட், அதாவது 2.176 மெகாபிட். உள்ளே இ1 இருந்தால் 2.048 மட்டுமே பயன்படும். ஈதர்நெட்டை நேரடியாக ஏற்றும்போது இ1 என்ற ஒன்றே நடுவில் இல்லை, அந்த இடம் முழுதும் கிடைக்கும். 46 × 2.176 = 100.096. ஃபாஸ்ட் ஈதர்நெட்டுக்கு 46 என்ற விநோத எண்ணைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். 5×விசி12 என்பது 10.88, 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு. 2×விசி3 என்பது 2 × 48.384 = 96.768, அந்த லைனில் போர்ட் 100 என்று காட்டினாலும் பெரிய ஃபிரேம்களில் முழு 100 போகாது, ஷேப்பிங்கை அதற்கேற்ப வையுங்கள். வரைபடத்தில் "7×விசி4" என்று இருந்தால் 1,048.32 மெகாபிட், கிகாபிட் ஈதர்நெட்.

அதே வரைபடத்தில் 46 தனித்தனி இ1-களை வெளியே எடுத்து, ஈதர்நெட் கன்வெர்ட்டர் பெட்டியில் சேர்த்திருந்தால் கணக்கு மீண்டும் 2.048-க்குத் திரும்பும். டிடிஎஃப்-இல் (இ1 கேபிள்கள் வந்து சேரும் சட்டம்) அந்த 46 ஸ்ட்ரீம்களுக்கும் கேபிள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் இ1, இறங்காமல் கார்டிலேயே ஈதர்நெட் போர்ட் இருந்தால் விசி-12.